ஒரு கியர்பாக்ஸ் வந்த வழி: கனமான வண்டிப் பாகங்களைக் குறைந்த செலவில் வரவழைத்த அனுபவம்

நான் முதன்முதலில் தொலைதூரத்திலிருந்து வரவழைத்த பாகம் ஒரு கியர்பாக்ஸ். விற்றவர் நியாயமான விலைதான் சொன்னார். ஆனால் அது என் பட்டறை வாசலில் இறங்கியபோது, பொருளுக்குக் கொடுத்ததைவிட அதைக் கொண்டுவந்த கூலிக்கு அதிகம் கொடுத்திருந்தேன். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று சின்ன வயதில் கேட்ட பழமொழி அன்றுதான் எனக்கு உறைத்தது.

உற்பத்தி நின்றுபோன பழைய வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டுவது என் ஈடுபாடு. அப்படிப்பட்ட வண்டிக்கான பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்காது. எங்கோ ஒரு கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் யாருக்கும் வேண்டாததாகக் கிடக்கும். அந்தக் கொட்டகையிலிருந்து என் பட்டறைவரை அதைக் கொண்டுவருவதே பாதி வேலை. இதுவரை மூன்று எஞ்சின்கள், ஐந்து கியர்பாக்ஸ்கள், இரண்டு ஆக்சில்கள், எண்ணிக்கையில் வராத பல சில்லறைப் பாகங்களை வரவழைத்திருக்கிறேன். சிலவற்றில் பணம் வீணானது. ஒன்றில் பொருளே வீணானது. அந்த நட்டங்கள் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

அந்த முதல் கியர்பாக்ஸின் எடை 65 கிலோ. விற்றவர் தன்னிடம் கிடந்த ஏதோ இயந்திரத்தின் பழைய பெட்டியில் அதை வைத்து, கூரியரில் வாசல்வரை பதிவு செய்துவிட்டார். பெட்டியின் அளவு 100 × 70 × 60 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 84 வரும். கூரியர்கள் பரவலாகக் கையாளும் பருமன் எடைக் கணக்கு இதுதான். உண்மையான எடை, பருமன் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆகவே 19 கிலோ வெற்றிடத்துக்கு நான் வாடகை கட்டினேன். அதே கியர்பாக்ஸ் 90 × 50 × 50 அளவுள்ள பெட்டியில் தாராளமாக அடங்கியிருக்கும். அப்போது பருமன் எடை 45தான், கட்டணம் 65 கிலோவுக்கு மட்டுமே வந்திருக்கும். இது போதாதென்று ஓர் ஆள் தூக்க முடியாத எடை என்பதற்குத் தனிக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. ஒரு பெட்டி ஏறத்தாழ 30 கிலோவைத் தாண்டினாலே பல கூரியர்களில் இந்தக் கட்டணம் தொடங்கிவிடும். 70 கிலோவுக்கு மேல் போனால் பல நிறுவனங்கள் அதைப் பார்சலாகவே ஏற்காமல் சரக்குப் பிரிவுக்குத் தள்ளிவிடுகின்றன.

இரண்டாவது முறை நானே ஒரு பார்சல் லாரி நிறுவனத்தின் புக்கிங் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கே இருந்த பெரியவர், வயதில் என் தந்தையை ஒத்தவர், நான் சொன்ன ஊர்ப்பெயர்களைக் கேட்டதும் தூரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, அங்கே ஏற்றப்போவது யார்? இங்கே இறக்கப்போவது யார்?" என்றார். "உங்கள் ஆட்கள்தானே ஐயா" என்றேன். ஒரு காகிதத்தில் இரண்டு தொகைகளை எழுதிக் காட்டினார். வாசலுக்கு வாசல் ஒரு தொகை. குடோனிலிருந்து குடோன்வரை இன்னொரு தொகை. இரண்டாவது, முதலாவதில் பாதிக்கும் குறைவு. "நெடுஞ்சாலையில் லாரி எப்படியும் போகப்போகிறது. உன் பெட்டி அதில் ஓர் ஓரத்தில் கிடக்கும். உன் வாசலுக்கு மட்டும்தான் தனி வண்டி, தனி டிரைவர், இரண்டு சுமையாட்கள் வரவேண்டும். அந்தச் செலவு வேறு யாருக்கும் பங்கு போகாது" என்றார்.

அன்றிலிருந்து விலை விசாரிக்கும்போது நான் முதலில் கேட்பது இரண்டு முனைகளையும்தான். தூரத்தை அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன். விற்பவர் பாகத்தைத் தன் ஊர்க் குடோனில் கொண்டுபோய் இறக்குவாரா? என்னால் இந்த முனையில் எடுத்துக்கொள்ள முடியுமா? 300 கிலோ எஞ்சினாக இருந்தாலும் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் இருக்கும். அங்கே இருக்கும் ஆளே அதை நான் வாடகைக்குக் கொண்டுபோகும் சிறிய சரக்கு வண்டியில் வைத்துவிடுவார். பட்டறையில் இறக்குவதற்குச் சங்கிலியால் கனத்தைத் தூக்கி இறக்கும் செயின் பிளாக் போதும். இதையே வாசலில் இறக்கித் தரச் சொன்னால், பின்பக்கம் தூக்குமேடை வைத்த லாரி வேண்டும் என்பார்கள். அதற்கு ஒரு கட்டணம், குடியிருப்புப் பகுதி என்பதற்கு இன்னொரு கட்டணம், நேரம் குறித்து வருவதற்கு மற்றொன்று. பட்டறை வைத்திருக்கும் நண்பரின் முகவரியைக் கொடுத்தாலே இவற்றில் பல குறைந்துவிடும். ஃபோர்க்லிஃப்ட் வைத்திருக்கும் நண்பர் என்றால் இன்னும் நல்லது.

பார்சல் லாரியில் பேலட் என்னும் தட்டையான மரத்தட்டின்மேல் வைத்துக் கட்டிய சரக்குக்கு மதிப்பு அதிகம் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். வெறுமனே கிடக்கும் எஞ்சினைப் பார்த்தால் புக்கிங் ஆள் முகம் சுளிக்கிறார், நான்கு பேர் கூலி கேட்கிறார். அதே எஞ்சின் பேலட்மேல் உறுதியாக உட்கார்ந்திருந்தால் ஒரே ஆள் ஃபோர்க்லிஃப்டில் வேலையை முடிக்கிறார். ஐரோப்பிய அளவு பேலட் 1200 × 800 மில்லிமீட்டர். ஏறத்தாழ 25 கிலோதான் இருக்கும். ஆனால் சமமாகப் பரவிய சுமை என்றால் 1500 கிலோ தாங்கும். இன்னொரு பொது அளவு 1200 × 1000. எஞ்சினுக்கு எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது அளவுதான். பேலட்டின் விளிம்பைத் தாண்டி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் முதலில் அடிபடும், அந்த நீட்டலுக்கும் சேர்த்துத்தான் அளவு எடுப்பார்கள்.

மேற்பகுதி தட்டையாக இருப்பதும் பணம்தான். பெட்டியின் உச்சியில் ஒரு குழாயோ கம்பியோ துருத்திக்கொண்டிருந்தால் அதன்மேல் வேறு சரக்கை அடுக்க முடியாது. அடுக்க முடியாத சரக்குக்கு, மேலே வீணாகும் இடத்துக்கும் சேர்த்துக் கட்டணம் போடும் நிறுவனங்கள் உண்டு. இன்டேக் மேனிஃபோல்டையும் ஃபேனையும் கழற்றிப் பக்கத்தில் வைத்து, நான்கு மூலைக் கால்களை ஒரே உயரத்தில் நிறுத்தி, மேலே ஒரு ஒட்டுப்பலகையை அடித்துவிட்டால் அந்தக் கட்டணம் போய்விடும். அரைமணி நேர வேலை.

பெட்டிக்குள் பாகம் எப்படி உட்கார வேண்டும் என்பதை நான் பெரிய நட்டத்தின் வழியாகத்தான் கற்றேன். அலுமினியக் கியர்பாக்ஸ் ஒன்றை, எஞ்சினோடு சேரும் மணி வடிவ முன்பகுதியான பெல் ஹவுசிங் பக்கம் கீழாக இரண்டு கட்டைகள்மேல் நிறுத்தி, குறுக்கே பெல்ட் போட்டு இறுக்கி அனுப்பியிருந்தார்கள். வழியில் யாரோ அதன்மேல் இன்னொரு பெட்டியை வைத்திருக்கிறார்கள். வந்து சேர்ந்தபோது பெல் ஹவுசிங்கின் ஒரு காது உடைந்திருந்தது. விரிசல் பேரிங் அமரும் இடம்வரை ஓடியிருந்தது. நிறுவனத்திடம் முறையிட்டேன். கட்டியது சரியில்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். கோபம் வந்தது. ஆனால் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது அவர்கள் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வகைக் கியர்பாக்ஸ் இன்னொன்று கிடைக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

வார்ப்பு அலுமினியம் வளைந்து கொடுக்காது, உடையும். அதனால் எந்தப் பாகமாக இருந்தாலும் வண்டியில் அது எந்தத் துளைகளில் போல்ட் போடப்பட்டிருந்ததோ, அதே துளைகளில்தான் அதைப் பேலட்டோடு பிணைக்க வேண்டும். எஞ்சின் என்றால் எஞ்சின் மவுண்டுகள் சுமையைத் தாங்கட்டும். அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப் எதையும் தொடக்கூடாது, அதற்கும் பலகைக்கும் இடையே கைவிரல்கள் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் என்றால் பெல் ஹவுசிங்கின் முகத்தை ஒரு தடித்த ஒட்டுப்பலகையில் அதன் சொந்தத் துளைகள் வழியே போல்ட் போட்டு, அந்தப் பலகையைப் பேலட்டோடு சேர்த்துவிடுங்கள். பெல்ட் என்பது கூடுதல் பாதுகாப்பு மட்டும்தான். பல நூறு மைல் அதிர்வில் எந்தப் பெல்ட்டும் கொஞ்சம் தளரும்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் பட்ட அவமானம் பணநட்டத்தைவிடப் பெரியது. ஒரு கியர்பாக்ஸின் எண்ணெயை வடித்துவிட்டோம் என்று விற்றவரும் நானும் நம்பியிருந்தோம். வடிகால் மறையை (டிரெயின் பிளக்) திறந்து ஓடியதை எல்லாம் வடித்தோம் என்பது உண்மைதான். ஆனால் மூலை முடுக்குகளிலும் கியர் பற்களுக்கு இடையிலும் தேங்கிய எண்ணெய், லாரியின் வெப்பத்தில் மெல்ல இறங்கிவந்தது. பின்சக்கர இயக்க வண்டியின் கியர்பாக்ஸில், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் செருகும் வால்பகுதி, ஷாஃப்டை உருவியதும் திறந்த வாயாக நிற்கும். அதன் வழியே ஒழுகிய எண்ணெய் பக்கத்தில் இருந்த வேறொருவரின் துணிப்பொதியை நனைத்துவிட்டது. அந்த மனிதருக்கு நான் ஈடு கொடுத்தேன். அவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். ஆனாலும் என் சரக்கு இன்னொருவர் பிழைப்பைக் கெடுத்தது என்ற எண்ணம் நெடுநாள் உறுத்தியது.

இப்போது என் முறை இதுதான். வடிகால் மறையைத் திறந்த பின் பாகத்தை ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் சாய்த்து, ஷாஃப்டைக் கையால் சுற்றி, ஓர் இரவு முழுவதும் வடிய விடுவேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால், கிளட்சின் வேலையைச் செய்யும் டார்க் கன்வெர்ட்டருக்குள் மட்டுமே பல லிட்டர் தங்கியிருக்கும். அதைக் கழற்றித் தனியாகக் கவிழ்க்க வேண்டும். பிறகு எல்லாத் துளைகளையும் அடைப்பேன். வெறும் துணியைத் திணிப்பது பயனற்றது, அது எண்ணெயை உறிஞ்சித் திரிபோல வெளியே கடத்தும். வால்பகுதிக்குப் பழைய ஷாஃப்டின் முனைத்துண்டான யோக்கைச் செருகிக் கட்டுவதைவிட நல்ல அடைப்பு இல்லை. கடைசியாக, பாகத்தின் அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதன் ஓரங்களைத் தொட்டிபோல மேலே மடித்துவிடுவேன்.

எரிபொருள் இன்னும் கடுமையான விஷயம். பெட்ரோல் வாடை அடிக்கும் எஞ்சினையும் டேங்கையும் ஆபத்தான சரக்காகவே கருதுவார்கள். பேட்டரி, ஏர்பேக், சீட்பெல்ட்டை இறுக்கும் வெடிகருவி, வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் இவையும் தனி விதிகளுக்கு உட்பட்டவை. ஏர்பேக்குக்கும் சீட்பெல்ட் கருவிக்கும் ஆபத்தான சரக்கை அடையாளம் காட்டும் ஐ.நா. எண் 3268, அமிலம் நிரம்பிய ஈய பேட்டரிக்கு 2794. இவற்றை எஞ்சின் பெட்டிக்குள் சொல்லாமல் வைத்து அனுப்புவது குற்றம் என்பதோடு, லாரியிலும் கப்பலிலும் இருப்பவர்களின் உயிரோடு விளையாடுவது. பேட்டரியை உள்ளூரில் வாங்குங்கள். அதைத் தொலைதூரம் அனுப்புவதில் லாபமும் கிடையாது.

கடல்வழிக் கணக்கு முற்றிலும் வேறு. இது எனக்குப் பிடிபட நாளானது. ஆனால் பிடிபட்ட பின் என் செலவை வெகுவாகக் குறைத்தது இதுதான். ஒரு கன்டெய்னரைப் பலர் பங்கிட்டு அனுப்பும்போது கட்டணம் ஒரு கனமீட்டருக்கோ ஒரு டன்னுக்கோ, எது அதிகமோ அதற்கு. அதாவது ஒரு கனமீட்டர் இடத்துக்குப் பணம் கட்டினால் 1000 கிலோவரை எடைக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. என் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் 300 கிலோ. பெட்டி 120 × 100 × 100, அதாவது 1.2 கனமீட்டர். அதே பெட்டிக்குப் பருமன் எடை கூரியரில் 240 கிலோ. விமானச் சரக்கில் 6000-ஆல் வகுப்பதால் 200 கிலோ. இரண்டிலும் உண்மை எடையான 300 கிலோவுக்குத்தான் கட்டணம், உள்ளே இன்னொரு கிலோ வைத்தால் அதற்கும் சேரும். கடலிலோ 1.2 கனமீட்டருக்கு மட்டும்தான் கட்டணம், எடை எவ்வளவு கூடினாலும் 1200 கிலோவரை தொகை மாறாது.

இது புரிந்ததும் விற்றவரை மறுபடி தொடர்புகொண்டு, அதே வண்டியின் பிரேக் டிரம்கள், ஸ்டீயரிங் பாக்ஸ், டிஃபரன்ஷியல் உட்பகுதி, இரண்டு அச்சுத்தண்டுகள் எல்லாவற்றையும் எஞ்சினைச் சுற்றியிருந்த இடைவெளிகளில் வைக்கச் சொன்னேன். பெட்டி 520 கிலோ ஆனது. கப்பல் கூலி ஒரு காசுகூட ஏறவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே கட்டிப் பலகையோடு பிணைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தளர்ந்து கிடக்கும் பிரேக் டிரம் கடலில் மூன்று வாரம் சம்மட்டியாகிவிடும். ரசீதிலும் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதாத பாகம் சுங்கத்தில் கண்ணில் பட்டால் முழுப் பெட்டியும் நின்றுவிடும்.

சுங்கத்துக்கு எழுதும்போது "பழைய வண்டிப் பாகங்கள்" என்று ஒரே வரியில் முடித்தால் உங்கள் சரக்கு சந்தேகத்துக்குரிய சரக்காகிவிடும். உலகப் பொது வகைப்பாட்டில் பெட்ரோல் எஞ்சின் 8407, டீசல் எஞ்சின் 8408, சிலிண்டர் ஹெட் போன்ற எஞ்சின் பாகங்கள் 8409, கியர்பாக்ஸும் ஆக்சிலும் 8708. வரி இவற்றுக்கிடையே வேறுபடலாம். பயன்படுத்திய முழு எஞ்சினுக்குத் தடையோ உரிமமோ வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த எண்ணைச் சொல்லிச் சுங்க முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

மரத்தையும் மண்ணையும் பற்றி ஒரு வார்த்தை. நாடு தாண்டும் மரப்பெட்டிக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதி இருக்கிறது. 2002-ல் வந்தது. மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் இடைவிடாமல் 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாத மரத்தில் பொருள் வந்தால் புகையூட்டு, திருப்பியனுப்பு, எரி என்று எந்த உத்தரவும் வரலாம், செலவு நம்முடையது. ஒட்டுப்பலகைக்கு இந்த விதி பொருந்தாது. அதனால் நான் இரும்புச் சட்டமும் ஒட்டுப்பலகையும் வைத்தே பெட்டி செய்யச் சொல்கிறேன். ஆக்சிலில் ஒட்டிய சேற்றை உயர் அழுத்த நீரில் கழுவி உலர்த்தியாக வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் மண் ஒட்டிய பாகத்தை உள்ளேயே விடமாட்டார்கள். அதிர்வைத் தாங்கப் பழைய டயரை அடியில் வைப்பது உள்நாட்டில் நல்ல உத்தி. கடல் கடந்து அனுப்பும்போது வேண்டாம், தேங்கிய நீரில் கொசு முட்டைகள் பயணிக்கும் என்பதால் பழைய டயர்களைப் பல நாடுகள் சந்தேகத்தோடு பார்க்கின்றன.

கடல்வழியில் என்னைத் திகைக்க வைத்தது வந்துசேரும் துறைமுகத்துச் செலவு. விற்றவர் கப்பல் கூலியைத் தானே கட்டிவிட்டதாகச் சொன்னார், நானும் மகிழ்ந்தேன். இங்கே வந்ததும் கன்டெய்னர் பிரிப்புக் கட்டணம், கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம், விடுவிப்பு ஆணைக் கட்டணம் என்று வந்த பட்டியலின் கூட்டுத்தொகை அந்தக் கப்பல் கூலியைவிட அதிகமாக இருந்தது. சில வேளைகளில் கப்பல் கூலியைக் குறைவாகக் காட்டி, மிச்சத்தைச் சேருமிடத்தில் வாங்குவதும் நடக்கிறது. ஆகவே இப்போது நான் கேட்பது ஒரே கேள்வி: கிடங்கு வாசலில் என் வண்டியில் ஏறும்வரை மொத்தம் எவ்வளவு, எழுத்தில் தாருங்கள். எந்த இடத்தில் யார் பொறுப்பு முடிகிறது என்பதைச் சொல்லும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகள் பதினொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விற்பவர் எழுதும் மூன்றெழுத்துச் சுருக்கம் எதைக் குறிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆவணங்கள் கப்பலுக்கு முன்னால் வந்துசேர வேண்டும். கிடங்கில் இலவச நாட்கள் சில மட்டுமே. அதன்பின் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும்.

காப்பீடு வேண்டாம் என்று நினைத்த காலமும் உண்டு. இரும்புக்கு என்ன ஆகிவிடும் என்ற எண்ணம். சரக்கை ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு எடைக்கணக்கில்தான் என்பது தெரிந்தபோது அந்த எண்ணம் மாறியது. ஐரோப்பாவின் பன்னாட்டுச் சாலைச் சரக்குக்கான 1956-ஆம் ஆண்டு சி.எம்.ஆர். உடன்பாட்டில் உச்சவரம்பு ஒரு கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். அது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. கடலில் ஹேக்-விஸ்பி விதிகளின்படி ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது ஒரு கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது அதிகமோ அது. உள்நாட்டுச் சரக்குக்கு அந்தந்த நாட்டுச் சட்டம். இப்போது யோசித்துப் பாருங்கள். எட்டுக் கிலோ எடையுள்ள டீசல் இன்ஜெக்‌ஷன் பம்பின் விலை, சில எஞ்சின்களில் மொத்த பிளாக்கின் விலையை நெருங்கும். எஞ்சினோடு போனால் அதன் மதிப்பு வெறும் எட்டுக் கிலோ இரும்பு. ஆகவே பம்ப், இன்ஜெக்டர்கள், டர்போ, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இவற்றைக் கழற்றிச் சிறிய பெட்டியில், முழு மதிப்பையும் சொல்லிக் காப்பீட்டோடு கூரியரில் வரவழைக்கிறேன். கூரியர் மோசம் என்று நான் சொல்லவில்லை. இருபது கிலோவுக்குக் குறைந்த விலையுயர்ந்த பாகத்துக்கு அதுதான் சரியான வழி. பிளாக், ஹவுசிங், டிரம் போன்ற முரட்டு இரும்பு மெதுவாக, மலிவாக வரட்டும்.

கடல்வழியில் காப்பீட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆகும் அசாதாரணச் செலவைச் சரக்கு உரிமையாளர்கள் எல்லோரும் பங்கிட்டுக் கட்டும் பழைய கடல் வழக்கம் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கிக்கொண்டபோது இந்த முறைதான் அறிவிக்கப்பட்டது. அப்படி அறிவிக்கப்பட்டால், பொருளுக்கு ஒரு கீறலும் விழாவிட்டாலும் உரிய பிணை கொடுக்காமல் பெட்டியை எடுக்க முடியாது. காப்பீடு இருந்தால் அந்தப் பிணையைக் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

பெட்டியைக் கையெழுத்திட்டு வாங்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு இருக்கும் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. புக்கிங் அலுவலகப் பெரியவர் ஒருமுறை என்னைத் தடுத்து நிறுத்தினார். "கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்க்காதே தம்பி, பார்த்துவிட்டுப் போடு." அன்று பெட்டியின் ஒரு கீழ்ச்சட்டம் பிளந்திருந்தது. ரசீதிலேயே "இடது கீழ்ச்சட்டம் உடைந்துள்ளது, உள்ளே உள்ள பாகம் பார்க்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பெட்டியைத் திறக்கும் முன்பும் திறக்கும்போதும் படங்கள் எடுத்தேன். உள்ளே ஃப்ளைவீல் ஹவுசிங்கில் ஓர் ஓரம் சிதைந்திருந்தது, இழப்பீடு கிடைத்தது. வெளியே தெரியாத சேதத்துக்குக் கெடு உண்டு. சி.எம்.ஆரில் ஏழு நாள், ஹேக்-விஸ்பியில் மூன்று நாள். வார இறுதியில் நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள்.

மலிவிலும் மலிவு என்றால் வெறுமையாகத் திரும்பும் லாரிதான். ஒரு நடைக்குச் சரக்கோடு போன லாரி திரும்பும்போது கிடைத்தது லாபம் என்று இருக்கும். ஆனால் அது நம் நாளுக்கு வராது. பத்து நாள் இடைவெளி கொடுத்து, அந்தப் பாதையில் எப்போது வந்தாலும் சரி என்று சொன்னால்தான் நல்ல தொகை கிடைக்கும். பாகம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், ஏற்றத் தயாராக இருக்க வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதும் நம் பொறுப்பு. ஒருமுறை இந்த வழியில் ஒரு முழு ஆக்சிலும் இரண்டு கதவுகளும் பார்சல் லாரிக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துசேர்ந்தன. இன்னொரு முறை இரண்டு வாரம் காத்திருந்து யாரும் வரவில்லை. ஆகவே அவசரமில்லாத, எளிதில் உடையாத பாகத்துக்கு மட்டும் இது. அப்போதும் பொருளின் விவரமும் வண்டி எண்ணும் எழுதிய ஒரு ரசீது இல்லாமல் ஏற்றாதீர்கள். ரயில் பார்சலும் பஸ்ஸின் சரக்கறையும் கையால் தூக்கக்கூடிய 30, 40 கிலோ பொட்டலங்களுக்கு நன்றாகவே பயன்படுகின்றன. அவற்றுக்குப் பேலட் வேண்டாம், இருபுறமும் உறுதியான கைப்பிடி வைத்துக் கட்டினால் போதும். பிடிக்க இடமில்லாத கனத்தைத்தான் கீழே போடுகிறார்கள்.

இதெல்லாம் கற்ற பிறகு நான் அடிக்கடி எடுக்கும் முடிவு, முழுப் பாகத்தையும் வரவழைக்காமல் இருப்பது. 5.9 லிட்டர் கம்மின்ஸ் போன்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஏறத்தாழ 500 கிலோ. என் பிளாக் நன்றாக இருந்து ஹெட்டில் மட்டும் விரிசல் விட்டிருந்தால் அந்த அரை டன் எதற்கு? ஹெட்டை மட்டும் கழற்றித் தரும்படி கேட்டால் விற்பவர் முதலில் மறுப்பார், மீதி எஞ்சின் விலைபோகாது என்று. அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் எனக்குக் கூலியில் மிச்சம்.

சென்ற மாதம் வந்த ஆக்சில்தான் இதுவரை எனக்கு மிகவும் நிறைவு தந்தது. ஹவுசிங்கின் நீளம் 1.4 மீட்டர். நேராக வைத்தால் பேலட்டைத் தாண்டி நீட்டும், நீளக் கட்டணம் விழும். 1200 × 1000 பேலட்டின் மூலைவிட்டம் 1.56 மீட்டர். டிரம்களைக் கழற்றி, அச்சுத்தண்டுகளை உருவி, வெறும் ஹவுசிங்கைக் குறுக்காகப் படுக்க வைத்தால் விளிம்புக்குள் அடங்கும். விற்றவர் வயதான மெக்கானிக். இப்படி அவர் கட்டியதே இல்லை. காகிதத்தில் மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், பக்கத்திலிருந்து எப்படி, எந்தத் துளையில் எந்த போல்ட் என்று வரைந்து அனுப்பினேன். பலகைக்கும் ஆணிக்கும் அவருடைய அரைநாள் உழைப்புக்கும் தனியாகப் பணம் கொடுத்தேன். விற்பவர் கட்டுவதற்குக் கடமைப்பட்டவர் அல்ல, இந்தப் பணத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. அவர் கட்டிமுடித்து அனுப்பிய படத்தில் டிரம்கள் இரண்டு மூலைகளில், தண்டுகள் ஹவுசிங்குக்கு இணையாக, எல்லாம் ஒரு விளிம்புகூடத் தாண்டாமல் இருந்தன. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "தம்பி, இன்னொரு ஆக்சிலும் இருக்கிறது. இதேபோலக் கட்டி வைக்கட்டுமா?"